ஏலே, இது பாட்டா பேச்சா? ராப் பற்றிப் பாளையங்கோட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டையில் தமிழ் வாத்தியார். மூன்று வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடி ராப் எழுதிப் பாடிப் பார்க்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது குறைவு. எதுகை தப்பினால்தான் வாயைத் திறப்பேன். ஆனால் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. பிள்ளைகளின் அம்மா அப்பா கேட்கிறார்கள், எதிர்வீட்டு ஆச்சி கேட்கிறார், கூட வேலை பார்க்கிற ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர்கூட மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ராப் என்பது பாட்டா, பேச்சா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாளம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் சொல்லை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். சுருதி சேராதவன்கூட ராப் பாடிவிடலாம், தாளம் சேராதவனால் முடியாது. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவான கொடையில் வில்லடி, அதாவது வில்லுப்பாட்டு, கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புலவர் கதையைப் பாடுகிறாரா சொல்லுகிறாரா என்று தெரியாதபடி விரட்டிக்கொண்டு போவாரே, அந்த இடம்தான்.

ஹிப்ஹாப் என்பது குடும்பப் பெயர். ராப், இசைத்தட்டு சுழற்றும் டீஜே, பிரேக் டான்ஸ், சுவரில் வரையும் கிராஃபிட்டி ஆகிய நாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள். பத்திரிகைகளில் ராப்பையும் ஹிப்ஹாப்பையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அதனால் குடி முழுகிவிடாது.

இது எங்கே பிறந்தது?

நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில். நாளும் கதவு எண்ணும்கூடச் சொல்லுவார்கள்: 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520. சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் புதுத்துணி எடுக்கக் காசு வேண்டியிருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட அண்ணன் கிளைவ் வந்தார். ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். டீஜே கூல் ஹெர்க் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

ஆட வந்தவர்களை அவர் கவனித்தார். பாட்டில் குரலெல்லாம் ஓய்ந்து டிரம் மட்டும் ஓடும் ஒரு சின்ன இடம் வரும். ஆட்டக்காரர்கள் அதற்காகவே காத்துக் கிடந்தார்கள். ஆனால் அது சில நொடிகளில் தீர்ந்துபோகும். ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கி தட்டு சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் தொடங்கி, நீட்டிக்கொண்டே போனார். அந்த நீண்ட தாளத்தின் மேல் அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து வந்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக் கூவினார். ராப்புக்கு அதுதான் விதை.

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கொடைக்குப் பனைமரத்தில் இரண்டு குழாய் கட்டி, விடிய விடிய இசைத்தட்டு சுழற்றுவார். தட்டில் கீறல் விழுந்து ஒரே இடம் திரும்பத் திரும்ப ஓடினால் ஊரே ஏசும். ஹெர்க்கின் கதையை நான் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் செய்தா ஏச்சு, அவன் செய்தா பேரா?" என்றார்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. அந்த நாளில் பிராங்ஸ் செழிப்பான இடமல்ல. நெடுஞ்சாலை போடுகிறோம் என்று குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கட்டடங்களுக்குத் தீ வைத்த காலம். கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் அந்த இடிபாடுகளுக்குள் பிள்ளை வளர்த்தார்கள். பள்ளிகளில் இசை வகுப்புக்குப் பணமில்லை. கையில் இருந்தது அப்பா அம்மாவின் பழைய இசைத்தட்டுகள்தான். கருவி வாங்க முடியாதவர்கள், இருந்த தட்டையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

வரிகளுக்கு இவ்வளவு மதிப்பு எப்போது வந்தது?

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டு வானொலியில் ஓடி ராப்பை ஊருக்கெல்லாம் கொண்டுபோனது. அதன் நீண்ட வடிவம் 14 நிமிடத்துக்கு மேல் இருக்கும், முழுக்கக் கொண்டாட்டம். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வந்தது. உடைந்த கண்ணாடி, எலி, கடன், வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் அதில் வந்தன. ஆட வந்தவனை நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தது அந்தப் பாட்டு.

அதற்குப் பிறகு வரிகளுக்குப் பயப்படவும் ஆரம்பித்தார்கள். போலீசைத் திட்டிய ஒரு பாட்டுக்காக என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் இசை நிறுவனத்துக்கு 1989இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதமே எழுதினார். கடிதம் அந்தப் பாட்டுக்கு நல்ல விளம்பரமாகிப்போனது. நம் ஊரிலும் புத்தகத்தைத் தடை செய்யச் சொன்னால்தான் விற்கும்.

இன்னொரு முனையில், 2018இல் ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் இரண்டையும் தாண்டி அந்தப் பரிசு போனது அதுவே முதல்முறை. நடுவில் கடந்தது முப்பது வருடம்கூட இல்லை.

தமிழுக்கு எப்போது வந்தது?

1994இல் 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'பேட்டை ராப்' வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதைப் பாடியவர்களில் தேனி குஞ்சரம்மாளும் ஒருவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டுப்புறக் குரலும் ராப்பும் அப்போதே ஒரே மைக்கில் நின்றிருக்கின்றன.

சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப்பை நிமிர்த்தியவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தது. தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் வம்சம் தமிழை இப்படித் திருப்பி அனுப்பும் என்று யார் நினைத்தார்கள்? 2012இல் கோயம்புத்தூர் ஆதியின் 'ஹிப்ஹாப் தமிழன்'. 2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானலில் மூடிக்கிடந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ராப் வெளியிட்டார், உலகமே பார்த்தது. அடுத்த மார்ச்சில் அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டினால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், தொழிலாளர்கள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாட்டு வந்த பிறகு அந்த ஆலையைத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

2018இல் பா. ரஞ்சித் முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானா, பறை, ராப் மூன்றும் கலந்த குழு. அதிலிருந்து தெரியவந்தவர் அரக்கோணத்து அறிவு. 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் அவர் பாடிய 'என்ஜாயி எஞ்சாமி', சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், அந்தக் காணொளியில் அவரும் உட்கார்ந்திருப்பார். ஒப்பாரியின் சாயல் உள்ள பாட்டு அது. அது கல்யாண வீட்டில் ஓடுகிறது. எனக்கு இன்னும் இது வேடிக்கையாக இருக்கிறது.

எங்கள் மாடிக்கு வருகிற ஒரு பெண்ணின் அம்மா மாஞ்சோலைக்காரர், எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அந்தப் பாட்டை அவர் முழுதாகக் கேட்டதே இல்லையாம். பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாராம். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியதும், தாமிரபரணிக்குள் 17 உயிர் போனதும் இந்த ஊருக்குத் தெரியும். அதைப் பற்றி எழுது என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. அவளாக ஒருநாள் நாலு வரி எழுதி வந்தாள். வாசித்துக்காட்டிவிட்டுக் கிழித்துப்போட்டாள்.

"நம்ம வில்லுப்பாட்டுதான் உண்மையான ராப்" என்கிறார்களே, சரியா?

சரியில்லை. வாட்ஸ்அப்பில் வரும் பெருமைகளில் அதுவும் ஒன்று. ராப் பிராங்ஸ் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு, நம் பங்கு அதில் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவுக்காரர்களைப் போலத்தான் தெரியும்.

வில்லடியில் புலவர் நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணை அடிப்பார். மணிகள் குலுங்கும். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். அந்த ஆமா இல்லாவிட்டால் வில்லடியே இல்லை. ராப் மேடையிலும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக் கொடுக்க ஒருவர் நிற்பார். வேலை ஒன்றுதான்.

சுடலைமாடன் கோயில்களில் ஆடும் கணியான் கூத்தைக் கேட்டுப் பாருங்கள். மகுடம் என்ற தோல்கருவி இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஒன்று கிறீச்சிடும், மற்றது அடிவயிற்றில் போய் விழும். பிள்ளைகள் கணினியில் உண்டாக்கும் பீட் என்ற தாளமும் இதே இரண்டு ஒலிகளின் சண்டைதான். ஒரு பையன் கொடையில் மகுடத்தைப் போனில் பதிந்து வந்து, வெட்டி ஒட்டி ஒரு பீட் செய்தான். பிரமாதமாக இருந்தது. மகுடம் அடித்தவரிடம் கேட்டாயா என்றேன். முழித்தான். மறுவாரம் போய்க் கேட்டு வந்தான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பாட்டில் சாமியைக் கேலி செய்யக் கூடாது.

வசைப்போட்டியும் நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டிலேயே மல்லுக்கட்டுவார்கள். காளமேகம் வாய் திறந்தால் வசை, அதிலும் சிலேடை. ராப்பில் இருவர் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வரியால் கிழிப்பதைக் கண்டு மிரளும் தமிழாசிரியர்கள், காளமேகத்தை மட்டும் ரசித்துப் பாடம் நடத்துவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தமிழில் ராப் எழுத என்ன தெரிய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில ராப்பில் ஒலி ஒத்துப்போவது பெரும்பாலும் வரியின் கடைசியில். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நம் காது பழகியது எதுகைக்கும் மோனைக்கும். அவை வரியின் தலையில் வரும். ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் வரிக்கடைசியிலேயே கண்ணாக இருந்து, "பாரு, கேளு, கூறு" என்று முடித்துவிடுகிறார்கள். பத்து வரிக்குள் சலித்துவிடும். எதுகையைத் தாளத்தின் முதல் தட்டில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பாட்டு வேறாகிவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடியில் எழுதியது:

ஆத்துக்குப் பேரு பொருநை
காத்துக்குப் பேரு தென்றல்
சோத்துக்குப் பேரு கேட்டா
சேத்துல நிக்காரு எங்கய்யா

கடைசிச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஆனாலும் காதில் நிற்கிறது. ஆத்து, காத்து, சோத்து, சேத்து என்று நாலு தட்டும் தலையில் விழுந்துவிட்டதால் வால் எப்படிப் போனாலும் தாங்கும்.

அடுத்தது நெடில் குறில். ஆங்கிலத்தில் சொல்லின் ஓரிடத்தில் அழுத்தம் விழும், மற்றவை தேயும். தமிழில் அழுத்தத்தைவிட அளவுதான் முக்கியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கில ராப்பின் நடையை அப்படியே தமிழில் பூட்டினால் நெடில் சுருங்கிக் குறிலாகிறது. பாடுகிறவன் 'காடு' என்கிறான், கேட்கிறவனுக்கு 'கடு' என்று விழுகிறது. "ராப் புரியவே மாட்டேங்குது" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி இதனால்தான். வேகம் காரணமில்லை. திருப்புகழையும் வேகமாகப் பாடுகிறார்கள், சொல் தெளிவாகத்தானே இருக்கிறது?

தாளத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். நாலு நாலாகப் போவது சதுஸ்ரம். ஒரு தட்டில் மூன்று மூன்றாகச் சொல் உருள்வதை இப்போதைய ராப்பர்கள் விரும்புகிறார்கள், அது திஸ்ரம். மிருதங்கக்காரரிடம் ஒரு மாதம் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) கேட்டால் வாய்க்கு எண்ணெய் போட்டதுபோல் இருக்கும்.

இன்னொன்று, நம் பக்கத்து விஷயம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்து, ஊத்துமலை ஜமீன் ஆதரவில் இருந்து, முப்பது வயதைத் தொடாமலே போய்விட்ட அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். "சென்னிகுளநகர் வாசன்" என்று ஊரைச் சொல்லி, அடுத்த மூச்சில் "அண்ணாமலை தாசன்" என்று தன் பெயரையும் பாட்டுக்குள் வைத்தார். ராப்பர் ஒவ்வொருவரும் தன் தெருவையும் பெயரையும் வரிக்குள் சொருகுவதை அலட்டல் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சிந்தை ஒருதரம் வாய்விட்டுப் பாடிப் பார்க்கட்டும். நடக்கிற கால் தானாகத் தாளம் போடும்.

திருநெல்வேலிப் பேச்சில் எழுதலாமா? மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

எழுதத்தான் வேண்டும். சினிமா நம் பேச்சை இரண்டு வேலைக்குத்தான் கூப்பிட்டது, சிரிக்க வைக்கவும் வெட்டவும். "ஏலே" என்று வாயைத் திறந்தால் கையில் அரிவாள் இருக்க வேண்டும் அல்லது வடிவேலு பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. "வாரான், நிக்கான், கேக்கான்" என்று நாம் பேசும் வினைச்சொற்கள் ராப்புக்கு எவ்வளவு வசதி தெரியுமா? 'வருகிறான்' என்பது நாலு தட்டு கேட்கும், 'வாரான்' இரண்டில் முடியும். புரியாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். அட்லாண்டா, லண்டன் தெருப்பேச்சில் வருகிற ராப்பை வள்ளியூர்ப் பையன் ஒரு சொல் விடாமல் சொல்கிறானே!

ஆனால் வலிந்து திணிக்காதீர்கள். அல்வா, இருட்டு, தாமிரபரணி என்று வரிக்கு வரி வைத்தால் சுற்றுலாத்துறை விளம்பரம்போல ஆகிவிடும்.

ராப் முழுக்கக் கெட்ட வார்த்தையாக இருக்கிறதே?

நிறைய இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. பெண்களைப் பொருளாக நடத்தும் வரிகள் அதைவிட அதிகம். அதை நான் ரசிப்பதில்லை. தெருவின் உண்மையைப் பாடுகிறோம் என்பார்கள். தெருவில் பெண்களும்தானே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் வேறு உண்மை சொல்வார்கள். ராப் பாடகி லாரின் ஹில் 1999இல் அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது வாங்கியதே அப்படி வேறு ஒன்றைச் சொல்லித்தான்.

எங்கள் மாடியில் விதி எளிது. கோபத்துக்கு வரும் சொல் வரட்டும், அடுத்தவரின் பிறப்பையும் உடம்பையும் இழுக்கும் சொல் வரக் கூடாது. நம் ஊர் வசவுகளில் அந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். 'சவம்', 'மூதி' இரண்டும் தேறின.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் தங்களைக் குறிக்கச் சொல்லும் அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் சேர்ந்து பாடலாமா?

வேண்டாம். அடிமைக் காலத்தில் அவர்களை இழிவாகக் கூப்பிட்ட சொல் அது. பட்டவர்கள் அதைப் பிடுங்கித் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒரு பையன், "சார், நாமளும் கறுப்புதானே?" என்றான். நம் ஊரில் ஒரு சாதியின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அந்தச் சாதிக்காரர் மேடையில் அதைப் பெருமையாகச் சொன்னால் நீயும் சேர்ந்து கத்துவாயா என்று கேட்டேன். புரிந்துவிட்டது. இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

"இதெல்லாம் கேட்டா பையன் அரிவாள் தூக்கிருவாம்லா சார்?"

இது ஓர் அம்மா என்னிடம் கேட்டது, வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சிரித்துக் கடந்துவிட முடியாத கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றை அவிழ்த்துவிடலாம். காதில் இருப்பதை என்ன செய்வது? ஒவ்வொரு சாதிக்கும் பெருமைப் பாட்டு இருக்கிறது. முன்பு அவை மேளத்திலும் சினிமா மெட்டிலும் இருந்தன, இப்போது ராப் பீட்டில் வருகின்றன. முப்பது நொடி ரீல்ஸ், பின்னணியில் பீட், முன்னால் புல்லட், சில சமயம் அரிவாள். மினி பஸ்ஸில் ஒரு பாட்டு ஓடினால் பின்சீட்டில் யாருடைய முகம் மாறுகிறது என்பதை வைத்து யார் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நானே பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவிலும் பாட்டு வரியையே குற்றத்துக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் வைத்திருக்கிறார்கள். கற்பனையை வாக்குமூலமாக எடுக்காதே என்று எதிர்ப்பு எழுந்து, 2022இல் கலிஃபோர்னியா அதற்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டமே இயற்றியது. நான் அந்தச் சட்டத்தின் பக்கம். பாட்டு எழுதியவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்கும் நடப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பாட்டுக்குச் சக்தி இல்லை என்றாகிவிடும். ராப் ஊரைத் திருப்பிப்போட்டது என்று மேலே இத்தனை பத்தி எழுதிவிட்டு இங்கே வந்து கை விரிக்க எனக்கு மனமில்லை.

எனவே அந்த அம்மாவிடம் வில்லுப்பாட்டைச் சொன்னேன். நம் வில்லடிக் கதைகளில் பாதி கொலைக்கதை. ரத்தம் கொஞ்சமாக இருக்காது. ஆனால் பாட்டு யார் பக்கம் நிற்கிறது? முத்துப்பட்டன் கதையை எடுங்கள். பிராமணப் பையன் சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய், மாடு களவாட வந்தவர்களால் கொல்லப்படுகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவன் இன்று சாமி. கொன்றவனுக்கு அங்கே பீடம் கிடையாது. செத்தவனுக்குத்தான் கொடை, படைப்பு, சாமியாடும் கோமரத்தாடி எல்லாம்.

அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தவர் நா. வானமாமலை. பிறந்த ஊர் நாங்குநேரி. கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு என்று அவர் காட்டினார்: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று யாரோ வரியை மாற்றிவிட்டார்கள். முழுப்பாட்டையும் தடை செய்ய வேண்டியதில்லை, ஒரு வரியை மாற்றினாலே பாட்டு கட்சி மாறிவிடும்.

அதனால் பையன் ராப் கேட்கிறானா என்று பார்க்காதீர்கள். அவன் போனில் ஓடும் பாட்டில் யார் அழுகிறார்கள், யார் மீசையை முறுக்குகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்த அம்மா கேட்டார். மகன் போனில் முறுக்கு மீசைப் பாட்டு மூன்று இருந்ததாம். அவரைத் திட்ட விடவில்லை நான். அவனிடமே கொடுத்து, அதே பீட்டில் வெட்டுப்பட்டவனின் அம்மா பாடுவதுபோல் எழுதி வா என்றேன். எட்டு வரி எழுத அவனுக்கு ஐந்து வாரமானது.

பொம்பளப் பிள்ளைகள் வருகிறார்களா?

இப்போது மூன்று பேர். ஆறரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் அவர்கள்தான் முதலில் பாடுவார்கள், பையன்கள் காத்திருப்பார்கள். மூவரில் இருவர் எல்லாரையும்விட நன்றாக எழுதுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் முகத்தைப் போட வீட்டில் விடவில்லை, குரல் மட்டும் போகிறது.

படிப்பு கெடாதா? இதில் சம்பாதிக்க முடியுமா?

படிப்புக்குக் கெடுதல் எதையும் நான் பார்க்கவில்லை. அலகிடச் சொன்னால் ஓடிய பையன் இப்போது நேர்நேர் தேமா என்று விரலை மடக்குகிறான். சம்பாத்தியம் என்றால், சினிமாவில் இடம் கிடைத்தவர்கள் சம்பாதிக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பகல் வேலை ஒன்று வேண்டும். காசு வரும் என்று சொல்லி உங்களிடம் காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் இப்படி ஒரு ரெக்கார்டிங் இடத்தில் ஏழாயிரம் ரூபாயை விட்டான். கிடைத்தது ஒரு பென் டிரைவ், அதில் அடுத்தவர் குரல்.

கொடையில் ராப் பாட விடுவார்களா?

ஒருமுறை விட்டார்கள். என் அம்மா ஊரில், களக்காட்டுப் பக்கம். வில்லடிக்கு நடுவே புலவர் காப்பி குடிக்க இறங்கிய நேரம், "ஏலே, அந்த வாத்தியார் பையம்மாரக் கூப்பிடு" என்று கமிட்டி அண்ணாச்சி மைக்கைக் கொடுத்தார். சேற்றில் நிற்கும் அய்யாவைப் பாடியவன்தான் ஏறினான். பீட் ஓட்ட வைத்திருந்த போனில் சார்ஜ் இல்லை. உறைந்து நின்றான். குடக்காரர் இரண்டு நொடி பார்த்துவிட்டு, மெதுவாக நாலு நாலாகக் குடத்தில் தட்ட ஆரம்பித்தார். அவன் எடுத்தான். மூன்றாவது வரிக்கு ஆமாக்காரர் தன்னையறியாமல் "ஆமா" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் சிரித்தார்கள். அதற்குள் புலவர் காப்பி முடிந்து வந்துவிட்டார்.

சேர என்ன செய்ய வேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கட்டணம் இல்லை. நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொண்டு வரவும். போனில் எழுதினால் அடித்ததைத் திரும்பப் பார்க்க முடிவதில்லை, அடித்த வரியில்தான் நல்ல சொல் கிடக்கும். முதல் இரண்டு வாரம் பாட வேண்டாம், ஆமா போட்டால் போதும். மழை வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்ளலாம். மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறவும்.